பறவைகளுக்கு எண்ணத் தெரியாது

புறப்பட இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. பறவைப் படம் எடுக்கக் கோகுல் அண்ணன் போட்டுக்கொண்டு வந்த திட்டத்தில் அந்தக் குட்டை இல்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் அத்தாவுக்கு மிளகுக் கடை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கடைக்குப் பின்னால்தான் வீடு. மூட்டைகளுக்கு நடுவில் நின்று கோகுல் அண்ணன் போனில் திட்டத்தைக் காட்டினார். முதல் நாள் விடிகாலை தூசூர் ஏரி. வெயில் ஏறிய பிறகு சேந்தமங்கலம் பக்கம் இரண்டு சின்ன ஏரிகள். ராத்திரி அவரவர் வீட்டில் தூக்கம். மறுநாள் மலை ஏறி வாசலூர்பட்டி படகுத்துறை, அதோடு சரி. எந்தக் கரையில் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எங்கே சேறு ஆழம், எங்கே டீ கிடைக்கும் என்பது வரை குறித்திருந்தார்.

"திண்ணனூர் நாட்டுக் குட்டை?" என்றேன்.

"அது வத்திருச்சாமா, அம்முணி."

"மலைமேல செங்கோட்டையன் அண்ணனுக்குப் போன் பண்ணேன். முழங்காலளவு தண்ணி கெடக்குதாம்."

நான் யாருக்கும் போன் செய்கிறவள் இல்லை. கரண்ட் ஆபீசுக்குக்கூட அத்தாதான் பேசுவார். கோகுல் அண்ணனுக்கு அது தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை அணைத்தார்.

போன ஜனவரியில் அந்தக் குட்டைக்கரையில்தான் என் அண்ணன் ரமீஸ் இறந்தான்.

அவனும் கோகுல் அண்ணனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. பறவைப் படம் எடுப்பதும் கூட்டுதான். கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று, முறை வைத்துக்கொள்வார்கள். மலைமேல் நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் குட்டைக்கு மயில் உள்ளான் வருகிறது என்று கேள்விப்பட்டு, கரையில் ஹைடு போட்டார்கள். ஹைடு என்பது ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பச்சைத் துணிக் கூடாரம். லென்ஸ் நுழைய முன்பக்கம் ஒரு கிழிசல். அதைப் போட்டவுடன் போய் உட்காரக் கூடாது. பத்து நாள் காலியாக விட வேண்டும். பறவைகள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும்.

பிறகும் ஒரு தந்திரம் உண்டு. ஒருவர் மட்டும் உள்ளே போனால் பறவைகள் அந்தப் பக்கம் வரவே வராது. ஆள் உள்ளே இருப்பது தெரியும். அதனால் இருவர் போவார்கள். ஒருவர் உள்ளே தங்கிவிட, மற்றவர் வெளியே வந்து, எல்லாப் பறவைகளும் பார்க்கும்படி நிமிர்ந்து நடந்து போய்விடுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது. பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. வந்த ஆள் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

அன்று உள்ளே தங்கும் முறை ரமீசுக்கு.

காலியாக இருந்த பத்து நாளில் ஹைடுக்குப் பழகியவை பறவைகள் மட்டும் இல்லை. கூரைக் கம்பியில் கதண்டு, அந்த விஷக் குளவி, கூடு கட்டியிருந்தது. அவர்கள் போனது விடியும் முன். டார்ச் அடிக்கக் கூடாது என்பதும் அவர்களுடைய விதிகளில் ஒன்று.

இரண்டு மணி நேரம் கழித்து டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது என்றார் கோகுல் அண்ணன். அவர் கைகளும் முகமும் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தன. ரமீசை வெளியே இழுத்தபோது கொட்டியது என்றார். அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்கவில்லை, அம்மாவைத் தவிர.

அம்மா கேட்டது ஒன்றுதான். "கலிமா சொன்னானா?"

எங்களில் உயிர் பிரிகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள், இறைவன் ஒருவனே என்கிற கலிமாவை மெல்லச் சொல்வார்கள். போகிறவரும் சேர்ந்து சொல்வார். அதுவே அவருடைய கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவோம்.

"நான் வரப்பவே முடிஞ்சிருச்சுங்கம்மா," என்றார் கோகுல் அண்ணன். அதன்பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கடையோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

நான் விலங்கியல் படித்தவள். கதண்டு கொட்டி ஒவ்வாமையில் இறப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று வாசித்திருக்கிறேன். நாக்கு வீங்கும். தொண்டை அடைக்கும். மூச்சுக்கு முன்னால் குரல் போய்விடும். ரமீஸ் எதையும் சொல்லியிருக்க முடியாது. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

ஒரு வருடமாக, விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அம்மா சமையலறையில் நின்று கலிமாவின் முதல் பாதியைச் சொல்வார். பிறகு நிறுத்துவார். யாரோ பின்னால் நின்று சொல்லப்போவது போல நிறுத்துவார். குழாய் சொட்டுவது கேட்கும். மிச்சப் பாதியை அவரே சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். நான் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். அந்த இடைவெளியில் ஒரு நாள் யாராவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

அதனால்தான் செங்கோட்டையன் அண்ணனுக்குப் போன் செய்தேன். கோகுல் அண்ணனை அந்தக் கரையில் நிறுத்தினால், எங்களிடம் சொல்லாதது ஏதாவது இருந்தால் வெளியே வரும் என்று நினைத்தேன். என் திட்டம் அவ்வளவுதான்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த திரை விலகியது. அம்மா நின்றிருந்தார்.

"நானும் வாரேன்."

அத்தா தராசிலிருந்து நிமிர்ந்தார். "எங்க?"

"குருவி பாக்க."

"ஊட்டுக் கொல்லையில காக்கா வந்தாலே கல்லெடுப்ப. நீ குருவி பாக்கப் போறியா?"

"காக்கா என்ற வடகத்தத் தூக்குது. அதுங்க என்னத்தத் தூக்குது?"

"குளிருங்கம்மா," என்றார் கோகுல் அண்ணன். "வளைவுல வாந்தி வரும். கரையெல்லாம் சேறுங்க."

"எம் பையன் போன சேறுதானே கண்ணு."

அவர் போனை எடுத்துத் திட்டத்தைத் திருத்தினார். குட்டையைச் சேர்த்தார். தொழுகைக்கு நிற்கும் இடங்கள், கழிப்பறை இருக்கும் பெட்ரோல் பங்கு, எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் சேர்த்தார். இரண்டு முறை அழித்து எழுதினார்.

தூசூர் ஏரியில் அம்மா ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டார். நாமக்கோழி. முக்குளிப்பான். செந்நாரை.

"அறுத்துத் திங்கலாமா இது?"

"சட்டப்படி ஜெயில்ங்கம்மா."

"மார்க்கப்படி கேட்டேன்."

கோகுல் அண்ணன் சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் பக்கத்தில் திரும்பி, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்து, கேமராவைக் குனிந்து துடைக்கத் தொடங்கினார். எனக்கும் அப்படி நடக்கும். நல்ல பறவை ஒன்று வந்தால் முழங்கையால் பக்கத்தில் இடிப்பேன். காற்றில் இடிக்கும்.

அன்று நாங்கள் எடுத்த படங்கள் எதுவும் சரியில்லை.

மறுநாள் இருட்டிலேயே மலை ஏறினோம். அம்மா ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தார். வாந்தி எடுக்கவில்லை. திண்ணனூர் நாட்டில் ரோடு முடிகிற இடத்தில் ஆம்னி வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கினோம். நெல் அறுத்த தாள்கள்மேல் பனி. குட்டை எங்கிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, தவளைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.

ஹைடை நான் கொண்டுவந்திருந்தேன். அதே துணிதான். ஒரு வருடம் குடோனில் மடித்துக் கிடந்ததில் மிளகு வாடை ஏறியிருந்தது.

"இப்பப் போட்டா ஒரு குருவியும் வராது அம்முணி," என்றார் கோகுல் அண்ணன். "பத்து நாளாச்சும் வேணும்."

"குருவிக்கு இல்ல," என்றார் அம்மா. "எங்க உக்காந்தான்?"

அவர் கை காட்டினார். கோரைப்புல் கொஞ்சம் உயரமாக வளர்ந்திருந்தது, வேறு அடையாளம் இல்லை. அங்கேயே கம்பிகளை ஊன்றினோம். துணியை விரிக்கும் முன் அவர் அதை உதறினார். டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தார். கூரைக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை.

அம்மா குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். நான் பின்னால் ஒண்டிக்கொண்டேன். ஒரு ஆளுக்கான இடத்தில் இரண்டு பேர்.

"நீ போ கண்ணு," என்றார் அம்மா. "அன்னிக்குப் போனியே, அப்படிப் போ."

கோகுல் அண்ணன் துணியை இழுத்து மூடினார். அவருடைய செருப்பு சேற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, வெளுக்கத் தொடங்கிய வெளிச்சத்தில், கிழிசல் வழியாக அவர் தெரிந்தார். கரை அந்த இடத்தில் வளைந்து எதிர்ப்பக்கம் போகிறது. லென்ஸ் நுழைகிற ஓட்டையில், பறவைகளைப் பார்க்க வேண்டிய இடத்தில், நடந்து போகிறவரின் முதுகுதான் தெரிந்தது. இதை இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

"அவன் போறது தெரியுதே," என்றார் அம்மா. "கரை முடியற வரைக்கும் தெரியுதே. ரமீசு பாத்துக்கிட்டே இருந்திருப்பான்."

தண்ணீரின்மேல் பனி நகர்ந்தது. எங்கோ ஒரு ஆள்காட்டிக் குருவி கத்தியது. ஆளைக் கண்டால் கத்துகிற குருவி அது. கோகுல் அண்ணனைப் பார்த்துக் கத்துகிறது என்று நினைத்தேன். அவர் தூரம் போகப் போக அது எங்கள் பக்கமே வந்து, கூரைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. எங்களுக்குப் பின்னால், துணிக்கு வெளியே, இன்னும் ஒருவர் நிற்பதைப் போல எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்க அங்கே இடம் இல்லை.

"கோகுலு!"

அம்மா கூப்பிட்டார். அவ்வளவு சத்தமாக அம்மா கத்தி நான் கேட்டதில்லை. குட்டை முழுக்க இறக்கைகள் படபடத்தன. கரையின் கடைசியில் அந்த முதுகு நின்றது. திரும்பியது.

"கேக்குது," என்றார் அம்மா என்னிடம். "அங்கருந்தும் கேக்குது."

அவர் திரும்பி வர நிறைய நேரம் ஆனது. ஓடவில்லை. ஹைடுக்கு முன்னால் வந்து நின்றபோது கிழிசலில் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் துணியை விலக்கக் கை நீட்டினேன்.

"தெறக்காத அம்முணி. இப்படியே இருக்கட்டும்."

"கூப்பிட்டானா கண்ணு?"

"கூப்புடலீங்கம்மா. கூப்புட முடியல அவனால. இந்தக் குருவிதான் கத்துச்சு. இன்னிக்கு மாதிரியே."

அவர் சேற்றில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தேன்னு சொன்னது பொய்ங்க. அந்தக் கரை முடியக்கூட இல்ல. திரும்பிப் பாத்தா, வெளிய வந்து விழுந்து கெடக்கறான்."

"உசுரோடயா?"

"உசுரோடங்கம்மா."

அம்மாவின் கை என் முழங்காலை இறுகப் பிடித்தது. நகம் பதிந்தது.

"மேல ரோட்டுக்கு ஓடியிருக்கோணும். ஓடியிருந்தா ஏதாச்சும் வண்டி கெடச்சிருக்கும், என்னமோ. அவன் என்ற கையப் புடிச்சுக்கிட்டான். உடவே இல்லீங்க. நானும் உருவிக்கல. அதத்தான் உங்ககிட்டச் சொல்ல முடியலீங்கம்மா. ஓடாம உக்காந்திருந்தேன்னு எப்படிச் சொல்றது?"

"எவ்வளவு நேரம்?"

"தெரியலீங்க. விடிஞ்சிருச்சு."

ஆள்காட்டி போய்விட்டிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுங்கம்மா. சத்தமே வரல. மொதல்ல தண்ணி கேக்கறான்னு நெனச்சேன். வாயில ஊத்துனேன், வழிஞ்சிருச்சு. மறுபடியும் அதே மாதிரி அசைச்சான். மறுபடியும். அப்பத்தான் வெளங்குச்சு எனக்கு."

"என்ன வெளங்குச்சு சாமி?"

"அவன் மதரசாவுல ஓதறப்ப நான் சன்னலுக்கு வெளிய நிப்பனுங்க, வெளையாடக் கூட்டிட்டுப் போறதுக்கு. எல்லாப் பசங்களும் சேந்து கத்துவாங்க. காதுல ஏறிருச்சு. அர்த்தமெல்லாம் தெரியாது. தப்பும் தவறுமாத்தான் வந்திருக்கும். நாஞ் சொல்லலாமா கூடாதான்னும் தெரியல. கேக்க யாருமில்லீங்க அங்க."

அம்மா மூச்சு விடவில்லை.

"நான்தாங்கம்மா அவங் காதுல கலிமா சொன்னேன்."