பாக்குமட்டைத் தட்டும் லஞ்ச் சீட்டும்

ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஜீவராணி சோத்துக்கடை போட்டுப் பத்து வருஷம். அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி மதுஷா கடை திறந்தது போன வருஷம்தான். ஆனால் மலையேற வரும் வெள்ளைக்காரர்கள் ஜீவராணி கடையைத் தாண்டிப் போய் மதுஷாவின் பாக்குமட்டைத் தட்டைப் போட்டோ எடுத்தார்கள். சோற்றையா எடுத்தார்கள்? தட்டைத்தானே! பார்க்கும்போதெல்லாம் ஜீவராணிக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுக என்ன இருக்கிறது, பொறாமைதான்.

மேலே புதிதாகத் திறந்த விடுதியின் மனேஜர் கிஷாந்தன், யாழ்ப்பாணத்துக்காரர். மலையேறுகிறவர்களுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு தேவை என்று இரண்டு பேரையும் சமைத்து எடுத்துவரச் சொன்னார். ருசி பார்த்து ஒருத்திக்குத்தான் ஓடர். பிளாஸ்டிக் மட்டும் கண்ணில் படக்கூடாது என்றார்.

ஜீவராணி அன்றே பஸ் ஏறிப் பதுளைக் கடைவீதியில் தட்டு விற்கும் ஜஸீல் நானா கடைக்குப் போனாள். கடதாசித் தட்டை நகத்தால் சுரண்டினாள். மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. கரும்புச் சக்கைத் தட்டில் சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னாள். சற்று நேரத்தில் அடி தொய்ந்தது. மிஞ்சியது பாக்குமட்டை.

"மதுஷா எத வாங்குறா?"

"இதேதான், சின்ன சைஸ்."

"அப்ப எனக்குப் பெருசாக் குடுங்க நானா."

விடுதியில் மதுஷா முதலில் பரிமாறி முடித்தாள். ஜீவராணி தன் தட்டுகளை அடுக்கினாள். பளபளவென்று, வரிவரியாக, மதுஷாவுடையதைவிட அகலமாக இருந்தன. இதில் பருப்புக் கறை படுவதா? அவள் கை பத்து வருஷப் பழக்கத்தில் தன் பாட்டுக்கு வேலை செய்தது. கூடையிலிருந்து சோறு கட்டும் மெல்லிய லஞ்ச் சீட்டை எடுத்து ஒவ்வொரு தட்டிலும் விரித்து, ஓரத்தை அழுத்திவிட்டாள். கடைச் சாப்பாடு என்றால் சீட் விரித்துத்தானே சோறு வைப்பது? விரிக்காவிட்டால் எச்சில் தட்டு என்று வந்தவர் முகம் சுளிப்பார்.

கிஷாந்தன் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது? பிளாஸ்டிக் கண்ணில படக்கூடாதெண்டுதானே சொன்னனான். மட்டைத்தட்டுக்கு மேலயே பொலித்தீனோ?"

ஜீவராணி சீட்டை உருவக் கை நீட்டினாள். அதற்குள் மதுஷா முந்திக்கொண்டாள்.

"அக்கா மேல தப்பில்லங்க சார். நாந்தான் விரிக்கச் சொன்னேன். சீட்டும் என்னோடதுதான்."

கிஷாந்தன் சீட்டை உருவிப் போட்டுவிட்டு வழித்துச் சாப்பிட்டார். "உங்கட சமையல்தான் திறம். ஓடரை நீங்களே எடுங்கோ" என்றார் ஜீவராணியிடம். மதுஷா பக்கம் திரும்பினார். "மற்ற ஆளுக்குப் பிழையாச் சொல்லிக் குடுக்கிறவவை நான் எப்பிடி நம்புறது?"

மதுஷா தன் சட்டிகளை அடுக்கினாள். ஜீவராணி கேட்ட வரம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினால் போதும்.

விடுதி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த இராக்கம்மா, சீட் யார் கூடையிலிருந்து வந்தது என்று பார்த்திருந்தவள், மதுஷாவின் கன்னத்தைத் தொட்டு, "தங்கமான புள்ளடி நீ" என்றாள்.

அவ்வளவுதான். ஜீவராணிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. போட்டோ அவளுக்கு, வெள்ளைக்காரன் அவளுக்கு, இப்போது தங்கம் என்ற பட்டமும் அவளுக்கா?

"அவ பொய் சொல்றா சார்! சீட்டு என்னோடது. விரிச்சது நானு. எனக்கு எவளும் சொல்லிக் குடுக்கல!"

கிஷாந்தன் கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்ப பிளாஸ்டிக் இல்லாமக் கொண்டு வந்தது அவதான்" என்று ஓடரை மதுஷாவுக்குக் கொடுத்தார்.

தேயிலைக்குள் இறங்கும்போது மதுஷா கேட்டாள்: "ஏங்க்கா சொன்னீங்க? ஒங்களுக்குத்தானே கெடச்சிச்சு?"

"ஓடரு கெடச்சிச்சு" என்றாள் ஜீவராணி, திரும்பிப் பார்க்காமலே. "நல்லவங்கிற பேரு ஒனக்குல்ல போகப் பாத்துச்சு."