யாரும் நடப்பதில்லை

கொத்தனார் பகாரி கழுதை மேல் பவளக்கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றபோதுதான் அத்மானுக்குத் தன் வாய் செய்த வேலை புரிந்தது.

கென்யக் கடலோரத் தீவான லாமுவின் அந்தச் சந்தில் அவன் வீட்டு மாடியையும் எதிரே மாமியார் வீட்டு மாடியையும் தெருவுக்கு மேலே ஒரு சின்ன அறை இணைக்கிறது. விகியோ என்பார்கள். பெண்கள் தெருவில் இறங்காமல் வீடு விட்டு வீடு போய்வரும் வழி. ஆறு மாதம் முன்பு, நகரப் புதுப்பிப்புத் திட்டத்துக்கு அளவெடுக்க வந்த அதிகாரி வெகேசா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "இதுல யாராவது நடக்குறாங்களா?" என்று கேட்டார். வீட்டுப் பெண்கள் போகிற வழியை அந்நிய ஆணிடம் எந்த மானமுள்ளவன் சொல்வான்? "யாரும் இல்ல சார்" என்றான் அத்மான். தெருவே அதைத்தான் சொன்னது. வெகேசாவுக்குப் படிப்புக்குக் குறைவில்லை, மாடி ஏறிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இரண்டு வாசலையும் அடைத்து, தெருவிலிருந்து படிக்கட்டு வைத்து, சுற்றுலாக்காரர்கள் நின்று பார்க்கும் கண்ணாடி மாடமாக்குவது என்று திட்டம் தயாரானது.

இடையில் மாமனார் இறந்துபோனார். மாமியார் முவனகொம்போ இத்தாவில், கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் துக்கக் காலத்தில் இருக்கிறாள், தெருவில் கால் வைக்க மாட்டாள். அத்மானின் மனைவி ஸுஹுராவோ எட்டு மாதக் கர்ப்பிணி, கட்டிலை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு. தாய் மகளிடம் வருவது அந்த அறை வழியாகத்தான்.

அத்மான் மாடிக்கு ஓடினான். விகியோ வாசலிலேயே மாமியார் நின்றிருந்தாள்.

"என்ன மாப்ளே, இங்க யாருமே நடக்குறதில்லையாமே? அப்ப நேத்து உங்க பொண்டாட்டிக்குக் கஞ்சி ஊட்டினது ஜின் பூதமா?"

"மானத்துக்காகச் சொன்னேன் அத்தை."

"மானம் உங்களுக்கு, சுவர் எனக்கா? போய்ப் பேசுங்க."

கீழே வெகேசா வந்திருந்தார். அத்மான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன் சார். என் மாமியார் நடக்குறாங்க. தினம் நாலஞ்சு தடவ."

சந்தில் நின்ற ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெட்கத்தில் அவன் காது சுட்டது.

வெகேசா கோபப்படவில்லை. வரைபடத்தை விரித்தார். "திட்டத்துக்காகத் தெருவக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டோமே, அப்ப ஒருத்தரும் வாயத் திறக்கலையே. இந்தத் தெருவுல பதினொரு அறை. பதினொண்ணுலயும் யாரும் நடக்கலன்னு எழுதி, கையெழுத்தும் ஆயிடுச்சு."

"கூட்டத்துக்கு வந்தது நாங்கதானே சார். நடக்குறவங்க வரலையே."

வெகேசா வரைபடத்தை மடித்தார். அத்மானின் அறையை மட்டும் இத்தாவில் மிச்சமிருந்த நாற்பது நாளும் தள்ளி வைப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். அத்மானுக்குப் பாதி உயிர் திரும்பியது.

பகாரி கழுதையை அடுத்த வீட்டு விகியோவுக்கு ஓட்டினான். இம்முறை வெகேசா கவனமாக இருந்தார். வாசலில் நின்ற வீட்டுக்காரர் ஓமாரிடம் மெதுவாகவே கேட்டார். "பெரியவரே, உண்மையச் சொல்லுங்க. மேல யாரு நடக்குறாங்க?"

ஓமார் அத்மானை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும் இல்ல சார்."

அவர்கள் தலைக்கு மேலே, மரத்தளத்தில், ஒரு பெண்ணின் காலடிச் சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று.