முத்தாலம்மனுக்கு முதுகு காட்டிய மேடை

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் செல்லும் பேருந்தில் இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்த எவரும் அந்தப் பெயரைப் படிக்காமல் மேலக்கரைப்பட்டியைக் கடக்க இயலாது. ஆளுயர எழுத்துகள், குருதிச் சிவப்பு. 'சட்டமன்ற உறுப்பினர் க. பொம்மையன் அவர்கள் வழங்கிய கலையரங்கம், 1998.' எழுத்துகளுக்குக் கீழே ஒரு சிமெண்டு மேடை. மேடையின் பின்னே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு நாற்பது அடி பின்னால், முத்தாலம்மன் கோயில்.

அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்றது மேடை.

மேடையின் முன்னால், சோளம் உலர்த்தப் போட்டிருந்த களத்தின் நடுவே, இடுப்பில் கை வைத்து நின்றாள் ஒச்சாயி. வயது நாற்பத்தாறு. பதினாறாம் வயதிலிருந்து திருவிழா நாடகங்களில் அரசியாக வேடங்கட்டியவள். இப்போது வட்டார நாடகக் கலைஞர் சங்கத்தின் செயலாளர். மூன்றாண்டுகளாக மனு எழுதியவள். சென்னையில் உறுப்பினர் விடுதியின் மாடிப்படிகளில் இருபது கலைஞரோடு ஏறி இறங்கி, கட்சி வேறுபாடு பாராமல் ஒவ்வொரு கதவையும் தட்டியவள். அவள் கேட்டவை இரண்டே. அரசு கலைக்கென ஒதுக்கும் நிதியில் ஊர்தோறும் மேடை எழும்புமானால், அது ஊர்த் தெய்வத்தை நோக்கி எழும்ப வேண்டும். பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை மேடையோடு வேண்டும்.

முப்பதாண்டுகளாக அவள் வயல்வெளியில், வைக்கோற்போரின் மறைவில், இருவர் பிடித்த புடவைக்குப் பின்னே உடை மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் அந்தப் புடவையின் மேல்விளிம்புக்கு மேலே கண்கள் முளைத்திருக்கின்றன. மேடையில் மணிமுடி தரித்து, நாடாளும் மன்னனுக்கு அறம் உரைப்பவள், மேடை ஏறும் முன் கூனிக் குறுகி இரவிக்கை மாற்ற வேண்டும். இந்த இழிவுக்கு ஒரு கதவு போதும் என்று அவள் நம்பினாள்.

மேடையைச் சுற்றி வந்தாள். அறை இல்லை. பின்வாசல் இல்லை. பூசிய வெறுஞ்சுவர்.

"அருளப்பண்ணே, பாத்தீகளா?"

ஆர்மோனியக்காரர் அருளப்பன், ஞாயிறு காலையில் தேவாலயத்திலும் மற்ற நாள் மாலைகளில் மாரியம்மன், காளியம்மன், முத்தாலம்மன் முன்னும் ஒரே ஆர்மோனியத்தை வாசிப்பவர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பாத்தேந்த்தா. நல்லா கெட்டியாத்தான் கட்டியிருக்காய்ங்க. ஆத்தா நெனச்சாலும் எட்டிப் பாக்க முடியாது."

அவர் நகைத்தார், ஒச்சாயி நகைக்கவில்லை. அவ்வூர் வழக்கத்தை அறிந்தவர்க்கு அது நகைக்கத்தக்கதன்று. மேலக்கரைப்பட்டி முத்தாலம்மனுக்குக் கருவறையில் நிலைத்த திருவுருவம் இல்லை. ஆண்டுக்கொருமுறை வேளார் மண்ணெடுத்து அவளைப் படைப்பார். பொழுது சாயுமுன் கண் திறப்பார். மறுநாள் அவள் குளத்து நீரில் கரைந்து மீண்டும் மண்ணாவாள். ஓராண்டுக்கு ஒரே நாள் காணும் கண்கள். அக்கண்கள் முதன்முதல் காண்பது கூத்தாக இருக்க வேண்டும் என்பது ஊரின் உறுதி. மணியன்று, தீபமன்று, கூத்து. ஆடலே உருவான அண்ணலைப் பாடிப் பரவிய நாட்டில் இதில் வியப்பென்ன? இவ்வாண்டு அவள் கண் திறந்தால் காண்பது ஒரு சுவர்.

மறுநாள் காலை திண்டுக்கல்லில் உறுப்பினர் அலுவலகம். பொன்னாடையோடும் எலுமிச்சம்பழத்தோடும் வந்தவர்கள் முன்வரிசையில். மனுவோடு வந்த ஒச்சாயியும் அருளப்பனும் படிக்கட்டில். உதவியாளர் பிரபு இரண்டு மணிநேரம் கழித்து அழைத்தான்.

பொம்மையன் எழுந்து வணங்கினார். வணங்குவதில் அவர் குறை வைப்பதில்லை.

"வாத்தா, வா. மேடை கேட்ட, கட்டிக் குடுத்தாச்சு. மாலையோட வருவேன்னு பாத்தா திரும்பவும் மனுவா?"

"அண்ணே, நாங்க கேட்டது நாடகம் ஆடுறதுக்கு. நீங்க கட்டுனது பேரு எழுதுறதுக்கு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொம்மையனும் சிரித்தார்.

"வாயப் பாரு! ராஜாகிட்ட பேசுற மாதிரியே பேசுறா."

"ராஜாகிட்டப் பேசுறப்ப இம்புட்டு நேரம் படிக்கட்டுல ஒக்காந்ததில்லண்ணே. மேடை கோயிலுக்கு முதுகக் காட்டுது. எங்களுக்குத் துணி மாத்த ரூம்பு இல்ல. ரெண்டும் மனுவுல மொத வரியிலயே இருந்துச்சு."

"சாமிக்கு என்னத்தா, அது எங்க இருந்தாலும் பாக்கும். பஸ்ஸுல போறவன் பாப்பானா?"

"ஆத்தா எழுதப் படிக்கத் தெரியாதவ," என்றார் அருளப்பன் மெல்ல. "நம்ம பேரை அவளால படிக்க முடியாதேன்னு அண்ணன் நெனச்சிருப்பாரு."

இம்முறை சிரித்தவர்களைப் பொம்மையன் ஒருமுறை பார்த்தார்; சிரிப்பு அடங்கியது. அவர் குரல் தணிந்தது.

"இங்க பாரு. திருவிழா அன்னைக்கு மூணு பேர் கொண்ட உறுப்பினர் குழு வருது. கலைக்குக் குடுத்த நிதி எப்படிச் செலவாச்சுன்னு பாக்க வாராக. என் மேடைதான் மாதிரி. அவுக நல்லாருக்குன்னு எழுதிட்டா இதே பிளான்ல இன்னும் இருநூறு ஊர்ல கட்டுவாக. நீ மேடையேறி ஆடுற. மைக்கப் பிடிச்சு நன்றி சொல்ற. ஒஞ் சங்கத்துக்கு என்ன வேணுமோ அப்புறம் பாப்போம்."

"இதே பிளான்லயா?"

"இதே பிளான்ல."

இருநூறு ஊர்கள். இருநூறு வெறுஞ்சுவர்கள். ஒவ்வொன்றின் பின்னும் புடவை பிடித்து நிற்கும் பெண்கள். பாணன் பாடினான் என்று பொற்றாமரை சூட்டினார்கள். விறலி ஆடினாள் என்று யானை கொடுத்தார்கள். விடைபெற்றுப் போகையில் அவர் பின்னே ஏழடி நடந்து வழியனுப்பிய வேந்தனும் இம்மண்ணில் இருந்தான் என்று பழம்பாட்டுகள் பேசுகின்றன. அப்பாட்டுகளை மேடைதோறும் முழங்கி வாக்குக் கேட்பவர்கள், பாடுகிறவளுக்கு ஒரு கதவு கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள். புரவலர் எனப் பட்டம் மட்டும் சூடிக்கொள்கிறார்கள்.

"நாடகம் நடக்கும்ணே," என்றாள் ஒச்சாயி. மனுவை மடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

திருவிழா நாள் வந்தது. சாலையோரத்தில் பந்தல், மூன்று குஷன் நாற்காலிகள், மேடையில் சீரியல் விளக்கும் ஒலிவாங்கியும். குழு நாலரை மணிக்கு வந்து இறங்கியது. தலைவர் முதியவர், ஓர் இளையவர், மூன்றாமவர் பழனிப்பக்கம் நெய்க்காரப்பட்டியைச் சேர்ந்த வேலாத்தாள், உழவர் குடியில் பிறந்து முதன்முறை உறுப்பினரான பெண்மணி. அவர்களுக்கு எதிரே மேடை வெறுமையாக இருந்தது. ஊர்ச்சனம் ஒருவரையும் காணவில்லை.

"ஆளுகள எங்க?" என்றார் தலைவர்.

"வந்துருவாகய்யா, செத்த நேரம்," என்றார் பொம்மையன். பிரபுவை நோக்கிக் கண்ணை உருட்டினார்.

காலையில் கிளம்பி ஏழு ஊர் பார்த்து வந்த வேலாத்தாளுக்கு வேறொரு தேவை இருந்தது. நாடகமேடை என்றால் பின்னால் அறை இருக்கும் என்று எண்ணி, எவரையும் கேளாமல் எழுந்து மேடையின் பின்புறம் சென்றார்.

அங்கே ஊரே இருந்தது. கோயில் வாசலில் வெண்துணி மூடிய மண்ணுருவம், அதன் முன்னே தரையில் விரித்த பாய்களில் அருளப்பனும் மிருதங்கக்காரரும், சுற்றிலும் மக்கள். மேடைச் சுவரை ஒட்டி ஒரு பச்சைப் புடவையைத் திரையாக இழுத்து இரு பெண்கள் பிடித்திருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி மூக்காயி, தோழி வேடக்காரி. அவளும் உடை மாற்ற வேண்டும், நேரமோ நெருங்கிவிட்டது. வந்தவர் யாரென அவளுக்குத் தெரியாது.

"யம்மா, செத்த இதப் பிடிங்க, புண்ணியமாப் போகும்," என்று முனையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே புகுந்தாள்.

வேலாத்தாள் பிடித்தார். உள்ளே நால்வர். ஒருத்தி கழற்றியதை மற்றொருத்தி மறைக்க, மறைத்தவள் கழற்ற இன்னொருத்தி திரும்பி நிற்க, வளையல்கள் சுவரில் உரசின. கோயில் மதில்மேல் ஏறியிருந்த இளவட்டங்களில் ஒருவன் சீழ்க்கை அடித்தான்.

"எறங்குடா!" வேலாத்தாளின் குரல் வயற்காட்டில் ஆடு விரட்டிய குரல். "உங்கூட்டுல பொம்பளைக இல்லயாடா? எறங்கறயா, நான் வரட்டுமா?"

மதில் காலியானது. முனையை அவர் இன்னும் உயர்த்திப் பிடித்தார், தோள் நோவெடுத்தது.

"ஏனுங்க, இங்க ஒரு ரூமுகூட இல்லீங்களா?"

"இல்லம்மா," என்றாள் உள்ளிருந்த ஒச்சாயி, கொண்டையூசியைப் பல்லில் கடித்தபடி.

"பின்ன, எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"முப்பது வருசமா."

அப்போது வேளார் வெண்துணியை நீக்கினார். குலவை எழுந்தது. தூரிகையைக் கருமையில் தோய்த்து, வலக்கண்ணில் ஒரு புள்ளி, இடக்கண்ணில் ஒரு புள்ளி. அதே நொடியில் அருளப்பனின் ஆர்மோனியம் ஒலித்தது. பாதி முடிந்த ஒப்பனையோடு ஒச்சாயி திரையைக் கடந்து வெளியே வந்து, மண்தரையில், அம்மன் முன்னால், அடியெடுத்து ஆடினாள். பிறந்த கண்கள் முதன்முதல் அவளைக் கண்டன.

சுவருக்கு அப்பால் பாட்டு மட்டும் கேட்டது. பிரபு ஓடிவந்தான்.

"அக்கா! என்னக்கா இது? மேடை அந்தப் பக்கம்!"

"ஆத்தா இந்தப் பக்கம்லே," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "ஒங்க மேடையத் திருப்பி வை, வாரோம்!"

வேறு வழியில்லை. குழுத் தலைவர் எழுந்தார், இளையவர் எழுந்தார், பொம்மையனும் எழுந்தார். சோளத்தட்டையை மிதித்து, செங்கற் குவியலைச் சுற்றி நடந்தார்கள். முன்னொரு வேந்தன் நடந்தது ஏழடி. இவர்கள் எழுபது அடி நடக்க வேண்டியிருந்தது. அவன் அன்பால் நடந்தான். இவர்களை நடத்தியது அவர்களே எழுப்பிய சுவர்.

வந்தவர்கள் கண்டது: ஊர் முழுதும் ஒருபுறம், சுவரோரத்தில் பச்சைப் புடவையின் முனையைப் பிடித்து நின்ற சக உறுப்பினர்.

"என்னம்மா இது, நீங்க போயி..." என்று பதறினார் பொம்மையன். "டேய் பிரபு, வாங்குடா அத!"

"ஆம்பளப் பையனா வந்து பிடிக்கறது?" என்றார் வேலாத்தாள். "பொம்பளைக துணி மாத்தறாங்க. அங்கயே நில்லுங்க."

மூவரும் நின்றார்கள். தொடக்கப் பாடல் முடியும்வரை, கைகட்டி, மண்ணில் நின்றார்கள். பாடல் முடிந்ததும் ஒச்சாயி திரும்பினாள். ஒலிவாங்கி மேடையின் மறுபக்கம் இருந்தது. அவளுக்கு அது தேவைப்படவில்லை. கடைசி வரிசைக்கு எட்டும்படி பேசிப் பழகிய குரல்.

"ஐயாமாரே! கலைக்கு நிதி குடுத்தோம்னு சட்டசபையில சொன்னீகளாம். பேப்பர்ல பாத்தோம். இந்தா இருக்கு. சிமெண்டு இருக்கு, பெயிண்டு இருக்கு, சீரியல் லைட்டு இருக்கு. கலைக்காரி எங்க நின்னு சேல கட்டுவா? அதக் கேட்டு மூணு வருசமா ஒங்க படியில ஒக்காந்தோம். பிச்ச கேக்கலய்யா. ஆத்தா கண்ணத் தொறந்தா எங்க மொகத்தத்தான் பாக்கணும்னு இந்த ஊர் எங்களுக்கு எடம் குடுத்திருக்கு. நீங்க அந்த எடத்துல சொவத்தக் கட்டிட்டீக. இதே மாதிரி இன்னும் இருநூறு கட்டப் போறீகளாம். கட்டாதீக. எங்க பேரச் சொல்லிக் கட்டாதீக!"



குழுத் தலைவர் சுவரைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், பொம்மையனைப் பார்த்தார்.

"இதுதான் மாதிரின்னு எழுதச் சொன்னீங்களா?"

"இனிமே கட்டுறதுல சேத்துக்கலாங்கய்யா... ஒரு ரூம்புதானே..."

"இனிமேன்னா எப்போங்க?" என்றார் வேலாத்தாள். "இப்பவே எழுதுங்க. அந்த மனு எங்கம்மா?"

மனு ஆர்மோனியப் பெட்டிக்குள் இருந்தது. மூன்றாண்டுகளில் மடிப்புகள் கிழிந்த அதன் படியை அருளப்பன் எடுத்து நீட்டினார். எழுத மேசை இல்லை. தலைவர் அந்த வெறுஞ்சுவரில் தாளை வைத்து எழுதினார். மேடை ஊர்த் தெய்வத்தை நோக்க வேண்டும். தாழ்ப்பாளுடன் கூடிய பெண்கள் அறையின்றி இனி எந்த ஊருக்கும் நிதி பரிந்துரைக்கப்படமாட்டாது. இவ்வூர்ச் சுவர் இடித்துத் திருத்தப்பட வேண்டும். இளையவர் ஒப்பமிட்டார். வேலாத்தாள் இடக்கையால் புடவையை விடாமல் வலக்கையால் ஒப்பமிட்டார். பொம்மையன் புகைப்படக்காரர் வரும்வரை காத்திருந்து, தாமும் ஓர் ஒப்பமிட்டார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நெருங்கினார்.

"சரித்தா. நீ கேட்டது எல்லாம் எழுதியாச்சு. வந்ததுக்கு மைக்குல ஒரு நன்றியாவது சொல்லு. நாலு பேர் பாக்குறாகல்ல?"

ஒச்சாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கதவு வரட்டும்ணே. உள்ள போயி, தாழ்ப்பாளப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

அரசியின் முடி இன்னும் சூடவில்லை. பட்டும் மாற்ற வேண்டும். அவள் குனிந்து பச்சைப் புடவைக்குள் புகுந்தாள். வேலாத்தாள் முனையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, மதிலை நோக்கித் திரும்பி நின்றார்.