மகஜரில் புலி

எங்கள் ஊர்ப்பக்கம் நாயைவிடப் பெரிதாக இருக்கிற எந்தப் பூனையும் புலிதான். கழுத்தில் தொங்குவது எந்த மிருகத்தின் நகமானாலும் அது புலிநகம்தான். நானும் இங்கே பேசக் கற்றவள், வேறென்ன சொல்வேன்?

என் பெயர் த்ரிசலா, வனக்காப்பாளர். சமணக் குடும்பம். "எறும்பை மிதிக்காத நயினார் வீட்டுப் பொண்ணுக்குக் காட்டுல என்னா வேலை?" என்று உறவுக்காரர்கள் இன்றும் கேலி செய்வார்கள். செங்கம் பக்கத்துக் காட்டில் நான் கட்டிவைத்த கேமராவில் இரண்டு வருடமாக ஒரு பெண் சிறுத்தை வந்துபோனது. போன மாசியில் அதை வறண்ட ஓடையில் செத்த நிலையில் கண்டெடுத்தேன். இடுப்பில் பைக் கிளட்ச் கம்பிச் சுருக்கு இறுகியிருந்தது. நான்கு பாதங்களும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செய்தவனை உள்ளே தள்ளாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துத்தான் எழுந்தேன்.

பன்னிரண்டாம் நாள் தகவல் வந்தது. கிரிவலப் பாதையில் ஆசிரமம் பக்கம் வாடகை அறையில் ருத்ராட்ச வியாபாரம் செய்கிற வல்லரசுவிடம் நகம் விற்பனைக்கு இருக்கிறது என்று. போனோம். மஞ்சள் துணியில் பதினெட்டு நகங்கள். நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"புலிநகம் மேடம். ஒரிஜினல்."

சாட்சிக்கு வந்த வீட்டுக்காரம்மா தனமும் எட்டிப் பார்த்து, "அய்யோ, புலிநகமா!" என்றாள். பறிமுதல் செய்ததற்கான மகஜரை அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். 'புலி நகங்கள், பதினெட்டு.' யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் காலை எல்லார் போனிலும் புலி. 'மலையில் புலி! கிரிவலம் போறவங்க உஷார்!' எந்த ஊர்ப் புலியோ, வாயைப் பிளந்து நின்றது. பௌர்ணமிக்கு நான்கு நாள்தான் பாக்கி. ரேஞ்சர் சக்கரபாணிக்கு வேர்த்துவிட்டது. 'இப்பகுதியில் புலி கிடையாது. புலிநகம் எதுவும் பிடிபடவில்லை. வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று அறிக்கை கொடுத்தார்.

"சார், சிறுத்தை நகம்னு தெளிவா சொல்லிடலாமே," என்றேன்.

"சிறுத்தைன்னா மட்டும் ஜனங்க கொஞ்சுவாங்களா? ஒண்ணுமே இல்லன்னு சொன்னாதாம்மா பயம் கம்மியாகும்."

அறிக்கையில் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

ஆய்வக அறிக்கை 'சிறுத்தை' என்று வந்தது. அதற்காகத்தானே காத்திருந்தோம் என்று சந்தோஷமாகக் கோர்ட்டுக்குப் போனேன். வல்லரசுவின் வக்கீல் மூன்று தாள்களை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு கூண்டருகே வந்தார்.

"மகஜர்ல புலி. ஆய்வகத்துல சிறுத்தை. உங்க ரேஞ்சர் புலிநகமே பிடிபடலைங்கறார். எதைம்மா நம்பறது?"

"எங்க ஊர்ல ரெண்டையும் புலின்னுதாங்க சொல்லுவோம்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை.

"நீங்க ஊர்க்காரங்களா வந்திருக்கீங்களா, வனக்காப்பாளரா வந்திருக்கீங்களா?"

வக்கீல் விடவில்லை. "செத்துக் கிடந்த சிறுத்தையை முதல்ல பார்த்தது நீங்க. பாதத்தை வெட்டி வச்சுக்கிட்டு, என் கட்சிக்காரர்கிட்ட இருந்த பிளாஸ்டிக் நகத்தை மாத்திட்டீங்க. சரிதானே?"

"இல்லைங்க" என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

சந்தேகத்தின் பலனில் வல்லரசு விடுதலையானான். வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டான். "உங்க கையெழுத்து நல்லா புரியற மாதிரி இருந்துச்சு மேடம்." அறைய வேண்டும் போலிருந்தது. அவனையல்ல, மகஜர் எழுதிய என்னை.

நான் பஸ் ஏறி வீடு போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. 'சிறுத்தையின் காலை வெட்டி அப்பாவி மீது பொய் வழக்கு. பெண் வனக்காப்பாளரின் நாடகம் அம்பலம்.' கூடவே என் படம், சீருடையோடு. அம்மா மருதேவி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவள், அன்று மத்தியானமே சாப்பிட்டிருக்கவில்லை.

"நீ வெட்டலதானே?" என்றாள்.

ஊர் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் கடைசியில் அந்த வருடத்து வனவிலங்கு இறப்புப் பதிவேட்டை முடிக்க வேண்டியிருந்தது. சக்கரபாணி என் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாதம் இருந்தது, அவ்வளவுதான்.

"கேஸ் போயிடுச்சும்மா. வேட்டைன்னு போட்டா, யார் வேட்டையாடினாங்கன்னு மேலருந்து கேப்பாங்க. யாரைக் காட்டறது? இயற்கை மரணம்னு போட்டுடு."

"இடுப்புல கம்பி இருந்துச்சு சார்."

"பாதம் எங்கன்னு கேட்டா? மறுபடியும் உன் பேர்தாம்மா வரும்."

பேனாவை எடுத்தேன். இறப்பின் காரணம்: இயற்கை. விலங்கின் பெயர் என்ற கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக, சிறுத்தை என்று எழுதினேன். சக்கரபாணி குனிந்து படித்துப் பார்த்து, "இப்ப சரியா எழுதிட்டே," என்றார். கையெழுத்துப் போட்டேன்.