உங்ககிட்ட வாங்க மாட்டேன்

கதவு தட்டப்படுவதற்கு முன்பே அவள் இரண்டு படுக்கைகளையும் சரிசெய்திருந்தாள். போர்வையின் மூலைகளை மெத்தைக்கடியில் செருகினாள். தலையணைகளைத் தட்டி வைத்தாள். பிறகு குளியலறைக்குள் போய் ஈரத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அதுக்குத்தான் ஆள் வருவான்ல," என்றார் கணவர். "கப்பலுக்கு வந்தும் வீட்டு வேலை பார்க்கறவ நீ ஒருத்திதான்."

"சும்மா உக்கார முடியலங்க."

"உக்காரு. காசு குடுத்து வந்திருக்கோம்."

பாதிக் காசு. மீதி, ஊழியர் குடும்பங்களுக்குக் கம்பெனி தரும் சலுகை. மகன் இதே கம்பெனியின் வேறொரு கப்பலில் இருந்தான்.

அறையைச் சுத்தம் செய்ய வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். அடர்ந்த மீசை. துண்டுகளோடு உள்ளே வந்தவன் படுக்கைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். துண்டுகளைக் கீழே வைத்தான்.

"அம்மா, நீங்க ஒல்லியோட அம்மாதானே? அதே மூக்கு."

கப்பலில் மகனுக்கு அந்தப் பெயர் என்று அவளுக்குத் தெரியும்.

"போன கப்பல்ல நானும் அவனும் ஒரே ரூம்மா. அவன் மேல் கட்டில், நான் கீழ் கட்டில். போர்வை மூலையை அவனும் இப்படித்தான் செருகுவான். புதுசா வர்றவங்களுக்கு சூப்பர்வைசர் அவன் போட்ட படுக்கையைத்தான் காட்டுவாரு."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"பக்கத்து ரூம்ல எங்க அக்கா இருக்கா. அக்கா வீட்டுக்காரரும். அவங்க காதுல விழ வேண்டாம்."

"எதும்மா?"

"படுக்கை."

மீசைக்காரன் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "புரியுதும்மா. எங்க வீட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்க. கேப்டனுக்கு அடுத்த ஆள் நான்தான்."

கணவர் சிரிக்கவில்லை. ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் கப்பலில் ஆபீசர் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டார்கள். இவர் பள்ளிக்கூடத்தில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரும் என்னவோ ஆகியிருந்தார்கள். வாயில் வந்துவிட்டது. அடுத்த கல்யாணத்தில் அதை மற்றவர்கள் சொன்னார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது அக்கா அதையே ஒரு கல்லூரி முதல்வர் வீட்டில் சொல்லிப் பெண் பேசியிருந்தாள். பெண்ணுக்கு அவன் படம் பிடித்திருந்தது. திரும்பிப் போனதும் நிச்சயம். மகனுக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. தட்டிப்போன இடங்களை அவள் எண்ணுவதில்லை. இதுவும் தட்டினால் அக்கா இன்னொரு வீட்டுப் படி ஏற மாட்டாள்.

மகனிடம் ஃபோனில் சொன்னாள். "நீங்களே உண்மையைச் சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா அப்பா உடைஞ்சிடுவாரு," என்றான். அவள் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று கப்பல் ஏறும்வரை வந்துவிட்டது.

அக்கா வீட்டுக்காரர் கட்டடக் கான்ட்ராக்டர். எங்கே போனாலும் முதல் நாற்காலி அவருடையது. சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டை நான்காக மடித்துத் தட்டின் ஓரத்தில் பாதி தெரிகிறமாதிரி வைப்பார்.

"சகலை, டிப்ஸ்ங்கறது ஒரு கலை. கடைசி நாள்ல குடுக்கறவன் ஏமாளி. மொத நாளே காட்டணும்."

"குடுக்கணுமா?" என்றார் கணவர்.

"காட்டணும்னு சொன்னேன். பாருங்க, சூப் எவ்வளவு சூடா வருது."

சாப்பிட்டு எழும்போது நோட்டு சட்டைப்பைக்குத் திரும்பிவிடும். மறுநாளும் அதே நோட்டு. ஓரத்தில் மைக்கறை இருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பரிமாறுகிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் தட்டைத் துடைக்கும்போது அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

அக்கா குனிந்து சாப்பிட்டாள். அவள் கழுத்தில் மூன்று சங்கிலிகள். முதல் நாள் இரண்டுதான் இருந்தன. பக்கத்து மேஜைப் பெண்மணியைப் பார்த்த பிறகு மூன்றாவது ஏறியது.

"ஏன்டி கால ஆட்டிக்கிட்டே இருக்க?" என்றாள் அக்கா. "மேஜை ஆடுது."

"கப்பல் ஆடுதுக்கா."

"கப்பல் நிக்குதுடி. துறைமுகத்துல இருக்கோம்."

மறுநாள் காலை நடைவழியில் மீசைக்காரன் தள்ளுவண்டியோடு நின்றான். நான்கு பேரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் கணவரின் தோளில் தட்டினார்.

"சகலை, நானே எல்லா எடத்துலயும் காட்டிக்கிட்டிருக்கேன். உங்க கை பைக்குள்ளயே இருக்கே. தையல் போட்டாச்சா?"

கணவரின் முகம் சிவந்தது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மீசைக்காரனிடம் நீட்டினார். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம் சார். உங்ககிட்ட வாங்க மாட்டேன்."

"ஏன்?"

"வழக்கமில்ல சார்."

மகன் சொல்லியிருக்கிறான். கப்பலில் வேலை செய்பவன் இன்னொரு ஊழியனுடைய அப்பா அம்மாவிடம் கைநீட்ட மாட்டான். எங்கும் எழுதி வைத்ததல்ல. எந்தக் கப்பலிலும் மீற மாட்டார்கள்.

கான்ட்ராக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட! ஆபீசர் வீட்டு ஆளுங்கன்னு தெரிஞ்சிருக்கு. பயப்படறான் பாருங்க! சகலை, உங்க பையனுக்கு இவ்வளவு பவரா?"

கணவர் நோட்டை மடித்தார். மறுக்கவில்லை. நடக்கும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று முழுக்க அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேல்தளத்தில் நடந்தாள். நீச்சல்குளத்தைச் சுற்றினாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். ஊழியர் யாராவது எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் ஒல்லியைத் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது.

மதியம் கான்ட்ராக்டர் எல்லோரையும் மேல்மாடி ரெஸ்டாரன்டுக்கு அழைத்துப் போனார். பால்கனி வைத்த அறைக்காரர்களுக்கான இடம். அவர்களிடம் கருப்பு அட்டை. மற்றவர்களிடம் நீல அட்டை. டிக்கெட் எடுக்கும்போது, "பால்கனி எதுக்கு, தூங்கத்தானே போறோம்" என்று சொன்னவர் அவர்தான். வந்தபிறகு லிஃப்டில் கருப்பு அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் நின்ற பெண் நீல அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். வருத்தம் தெரிவித்தாள். கான்ட்ராக்டர் மைக்கறை நோட்டை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தார். அவள் அதைத் தொடாமல் மறுபடி வருத்தம் தெரிவித்தாள்.

"நாங்க யாரு தெரியுமா? இந்தக் கம்பெனி ஆபீசரோட பெரியப்பா நான்."

அவள் இன்னும் மரியாதையாகச் சிரித்தாள். பின்னால் கருப்பு அட்டையோடு ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்களில் ஒரு கிழவர், நோட்டைச் சுட்டிக்காட்டி, "உங்களுது, மறந்துட்டுப் போறீங்க," என்றார்.

லிஃப்டில் இறங்கினார்கள். அக்கா ஒரு சங்கிலியைப் புடவைக்குள் தள்ளினாள்.

கீழே நடைவழியில் தள்ளுவண்டி குறுக்கே நின்றது. மீசைக்காரன் எதிர் அறைக்குள் இருந்தான்.

"வண்டிய எடுடா!"

"ஒரு நிமிஷம் சார். கையில கண்ணாடி இருக்கு."

"ஒரு நிமிஷமா? என்னையா நிக்கச் சொல்ற?"

அவன் உடைந்த கண்ணாடி டம்ளரைத் துணியோடு கீழே வைத்துவிட்டு ஓடிவந்து வண்டியை நகர்த்தினான். "மன்னிச்சுக்குங்க சார்."

கான்ட்ராக்டர் நகரவில்லை. அவனுடைய சட்டையில் குத்தியிருந்த பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

"வாங்க சகலை. கவுன்டருக்குப் போவோம். ரூம் கணக்குல தெனம் டிப்ஸ்னு பிடிக்கிறான்ல, அத எடுக்கச் சொல்லணும். இவன் மேல கம்ப்ளெயின்ட்டும் குடுக்கணும். ரூம் சுத்தமில்ல, வாய்க்கு வாய் பேசறான். உங்க பையன் பேரையும் சொல்லுங்க, அடுத்த துறைமுகத்துலயே எறக்கி விட்டுடுவான்."

"பையன் பேரெல்லாம் எதுக்கு," என்றார் கணவர் அவசரமாக. "அவன் வேற கப்பல்."

"சரி விடுங்க. என் பேரே போதும்."

நான்கு பேரும் போனார்கள். கவுன்டரில் வரிசை இருந்தது. பயணம் முடியப்போகும் நேரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று மகன் சொல்லியிருந்தான். எல்லோரும் டிப்ஸைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லத்தான் வருவார்களாம். யாரும் அதைச் சொல்ல மாட்டார்களாம். முன்னால் நின்றவர் தொப்பியைத் தொலைத்துவிட்டதாக எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் குனிந்து, குரலைத் தாழ்த்தி, கணக்குச் சீட்டைத் தள்ளினார். தொப்பி தலையிலேயே இருந்தது.

டிப்ஸ் போனால் ஒரு மாதம் இழுத்துப் பிடிக்கலாம் என்பான் மகன். கம்ப்ளெயின்ட் அப்படியில்லை. பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த தடவை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அவள் கணவரிடம் மெல்லச் சொன்னாள். "அத்தான்கிட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"என்ன காரணம் சொல்ல?"

"உண்மையான காரணம்."

அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். "பையன் பேரு வெளிய வரல. தப்பிச்சோம். விட்டுடு."

"அந்த ஆளோட பேரு வருதே."

"யாரோ ஒருத்தன். நம்ம பிள்ளையோட கல்யாணத்தப் பாரு."

வரிசை நகர்ந்தது. தொப்பிக்காரர் யாரையும் பார்க்காமல் போனார். கான்ட்ராக்டர் கவுன்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினார். உள்ளே இருந்த பெண் பேனாவை எடுத்தாள்.

"அத்தான்," என்றாள் அவள்.

"இரும்மா."

"அந்த ஆள் எங்ககிட்ட காசு வாங்காதது உங்களுக்குப் பயந்து இல்ல. எங்களுக்குப் பயந்தும் இல்ல. எங்க பையனும் அவனும் ஒரே வேலை."

"என்ன வேலை?"

"ரூம் கூட்டறது. படுக்கை போடறது. கக்கூஸ் கழுவறது."

கணவர் அவள் முழங்கையை விட்டார். வரிசையில் யாரோ இருமினார்கள். கான்ட்ராக்டர் திரும்பி முதலில் அவளைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "என்னடி சொல்ற? நான் அந்த வீட்டுல உக்காந்து, ஆபீசர் ஆபீசர்னு... அவங்க குடுத்த காபிய வேற குடிச்சிட்டு வந்தேன்டி."

"தெரியும்க்கா."

"மாடியில, அந்தப் பொண்ணு முன்னாடி, நான் பெரியப்பான்னு சொன்னேனே," என்றார் கான்ட்ராக்டர். குரல் உடைந்திருந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமா? சிரிச்சாளே, அதுக்குத்தானா?"

"தெரியாது அத்தான். ஆனா இப்ப நீங்க எழுதிக் குடுக்கற மாதிரி நாளைக்கு எங்க பையன் மேலயும் ஒருத்தர் எழுதுவாரு. எழுத வேண்டாம். கல்யாணம் போனாப் போகட்டும்."

கவுன்டர் பெண் என்ன உதவி வேண்டும் என்று இரண்டாவது முறை கேட்டாள். கான்ட்ராக்டர் அவள் பக்கம் திரும்பினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்ல," என்றார். "டிப்ஸ மட்டும் எடுத்துடுங்க."

பெண் எடுத்துவிட்டாள். அதற்குச் சில விநாடிகள்தான் ஆயின.

இரவுச் சாப்பாட்டுக்குக் கணவர் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "பசிக்கல," என்றார். அவள் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டு, தனியாகக் கீழே போனாள். போகாவிட்டால் இனி ஒருபோதும் போகமுடியாது என்று தோன்றியது.

மேஜையில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். அவள் தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கான்ட்ராக்டர் மெனு அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அவர் தட்டின் ஓரத்தில் எதுவும் இல்லை. பரிமாறுகிறவன் வந்து தண்ணீர் ஊற்றினான்.

அக்கா முட்கரண்டியை நேராக வைத்தாள். மறுபடி கோணலாக வைத்தாள்.

"நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"உள்ளதச் சொல்லு."

"உள்ளதுன்னா? அவங்க தோண்டித் தோண்டிக் கேப்பாங்கடி. முதல்வரு. கேள்வி கேட்டே பழகினவரு."

"கேக்கட்டும்."

"ஒரு நாளைக்கு எத்தன ரூம் கூட்டறான்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

வாரத்துக்கு ஒருமுறை மகன் பேசுகிறான். சாப்பிட்டியா என்று கேட்பாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பாள். எப்ப வருவ என்று கேட்பாள். வேலையைப் பற்றி அவன் ஆரம்பித்தால், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொள்வாள். அவனும் பாதியில் நிறுத்திவிடுவான்.

"தெரியாதுக்கா."

அக்கா நிமிர்ந்தாள். "பெத்தவளுக்கே தெரியாதா?"

சூப் வந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"எங்கடி போற? இப்பத்தான வந்த?"

"அவனுக்கே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, மேஜைகளுக்கு நடுவே, இடித்துக்கொண்டு, வேகமாக நடந்தாள்.