ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது

அந்த ஊரின் பெயரைப் பெரியவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொன்னால் யாராவது கிளம்பிப் போய்விடுவார்கள் என்று பயம். டிராவல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவளுக்கு இது வேண்டாத பயம்தான். ஊர் உலகத்தையெல்லாம் விமானம் ஏற்றி அனுப்பத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் ஐரோப்பா போகவேண்டும் என்று யார் வந்து எதிரில் உட்கார்ந்தாலும், அந்த ஒரு ஊர்ப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்கவிடமாட்டாள். அங்கே எப்போதும் மழை என்பாள். பழைய ஊர், பார்க்க ஒன்றும் இல்லை என்பாள். வந்தவர்களும் அவள் பேச்சை நம்பி வேறு எங்காவது போய்ச் சேருவார்கள்.

அந்த ஊர் அவளுக்கென்று அவளே ஒதுக்கி வைத்தது. ஒரு நதி, அதன்மேல் ஒரு பழைய கல்பாலம், பாலத்தைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை, மரங்களில் இலை பழுக்கும் மாதம், அவளும் அவள் கணவனும். வேறு யாருக்கும் அதில் இடமில்லை.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். உள்ளூரில் இருக்கும் பாதி அடுக்குமாடிக் கட்டடங்கள் அவன் கையால்தான் ஏறி இறங்குகின்றன. வருஷா வருஷம் அவள் திட்டத்தை அவன் முன்னால் விரிப்பாள். எங்கும் நிற்காமல் நேரே போகும் விமானம், நதியோரத்து ஓட்டல், அந்த ஜன்னல். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். நல்லா இருக்கு என்பான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த வருஷம் லீவு தரமாட்டார்கள் என்பான். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அடுத்த வருஷத்துக்காகத் திட்டத்தை இன்னும் மெருகேற்றுவாள். அறை பெரிதாகும். படகுச் சவாரி சேரும். படகிலேயே ராச்சாப்பாடும் சேரும். போகாத பயணம் வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டே போனது.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் மத்தியானம் அவளுடைய ஓரகத்தி புருஷனையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து நின்றாள். கணவனின் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் வீட்டில் அவள் சின்னவள், இவள் பெரியவள். சின்னவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். சிரித்தால் வாயெல்லாம் பல். ஆஸ்பத்திரிக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. அவள் புருஷன் மருந்துக் கிடங்கில் மேற்பார்வை. அவன் வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் மருந்தெல்லாம் கெட்டுப்போய்விடும் என்பதுபோல் எப்போதும் மூடியே வைத்திருப்பான்.

சின்னவளைப் பெரியவளுக்குப் பிடிக்காது என்று சொல்லமுடியாது. பிடிக்காமல் இருக்க ஒரு காரணமும் அகப்படவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை. பெரியவள் ராப்பகலாய் யோசித்து வாங்கும் திரைச்சீலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சின்னவள் போகிற போக்கில் ஒரு பூத்தொட்டியை வாசலில் வைத்தால், வீடே களைகட்டிவிட்டது என்று மாமியார் போன் போட்டுச் சொல்கிறாள். எரியாதா பின்னே?

"அக்கா, எங்க ரெண்டு பேருக்கும் ஐரோப்பால ஒரே ஒரு ஊர் போதும். கையில இருக்கிறதுக்குள்ள முடியணும். நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்றாள் சின்னவள். போனை மேஜைமேல் தள்ளினாள். "இந்த ஊர் நல்லா இருக்குமாக்கா?"

போனில் அந்தக் கல்பாலம்.

பெரியவளுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது. இருந்தாலும் முகத்தில் காட்டாமல், அங்கே ஓயாத மழையாச்சே என்று தன் பழைய ஆயுதத்தை எடுத்தாள். பெய்தால் பெய்யட்டும், ஒரு குடைக்குள் போனால் ஆயிற்று என்று சின்னவள் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் சின்னவனும் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ஆயுதம் மொக்கையாகிவிட்டது.

வயிறு பற்றி எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமாகி இரண்டே வருஷம் ஆனவள், பணமும் கொஞ்சமாய் வைத்துக்கொண்டு, குடையையும் பிடித்துக்கொண்டு அவளுடைய பாலத்தில் நடக்கப் போகிறாள். போய்விட்டு வந்து அதைப்பற்றி இவளிடமே கதை வேறு சொல்வாள்.

பெரியவளின் அலுவலகத்தில் ஒரு தொழில்முறை உண்டு. எந்த அறைக்கும், எந்த விமானத்துக்கும் நல்ல பாதி ஒன்று இருக்கும், மற்ற பாதி ஒன்று இருக்கும். நல்ல பாதியை நாமாகச் சொல்லவேண்டும். மற்ற பாதியைக் கேட்டால்தான் சொல்லவேண்டும். பொய் சொல்லவே கூடாது. சேர்ந்த புதிதில் மேலாளர் கற்றுக்கொடுத்தது இது. அதில் பெரியவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. அன்றைக்கு அவள் தன் வித்தை முழுவதையும் இறக்கினாள்.

விமானம் இருப்பதிலேயே மலிவு, நடுவில் இன்னொரு ஊரையும் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள். அந்த ஊரில் விமான நிலையத்துப் பெஞ்சில் ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கவேண்டும் என்பது மற்ற பாதி. அறை பழைய காலத்துக் கட்டடத்தில், மேல் மாடியில், நல்ல காற்று வரும் என்றாள். ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பது மற்ற பாதி. கீழேயே ரொட்டிக்கடை, சாப்பாட்டுக்கு அலையவேண்டாம் என்றாள். விடிவதற்கு முன்பே அங்கே மாவு பிசையும் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிடும். போகும் மாதத்தில் கூட்டமே இருக்காது என்றாள். இருக்காதுதான். அந்தப் பனிமூட்டத்தில் எந்தப் புத்திசாலி போவான்? பாலமே கண்ணுக்குத் தெரிந்தால் பெரிய விஷயம்.

ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாமே மலிவு. நாளைக்கு யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கமுடியாது. மொத்தச் செலவைப் பார்த்த சின்னவளுக்குக் கண் விரிந்தது. அக்கா இல்லாவிட்டால் நாங்கள் எங்கே போவோம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனாலும் பெரியவள் அதை உருவிக்கொள்ளவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது போகிற போக்கில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் தன் தொழில் புத்தியில், அந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பெனி லிஃப்ட் என்று கேட்டான். பழைய காலத்துக் கட்டடம் என்று மட்டும் அவள் பதில் சொன்னாள். கணவன் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பாட்டைத் தொடர்ந்தான்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். பெரியவள் புகார் வரும் என்று போனும் கையுமாகக் காத்திருந்தாள். என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தாள். பட்ஜெட் பயணம் என்றால் இதெல்லாம் சகஜம், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் என்று இரண்டு வாக்கியம்.

புகார் வரவில்லை. குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் படங்கள் வந்தன. பெஞ்சில் சின்னவன் தோளில் சாய்ந்து சின்னவள் தூங்குகிற படம் முதலில் வந்தது. அடுத்து ரொட்டிக்கடை வாசலில், இன்னும் விடியாத தெருவில், ஆவி பறக்கும் ரொட்டியை ஆளுக்குப் பாதி கடித்துக்கொண்டு இரண்டு பேரும். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்த ரொட்டிக்காரர் கையெல்லாம் மாவாம். அப்புறம் பனியில் ஒரு படம். பாலமும் இல்லை, நதியும் இல்லை, வெள்ளையாய் ஒரு மூட்டம், நடுவில் ஒரே குடை. மாமியார் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, சினிமா மாதிரி இருக்கே என்றாள்.

நடிக்கிறார்கள் என்று பெரியவள் முதலில் நினைத்தாள். ஊருக்குப் போய் அவதிப்பட்டவர்கள் எல்லோரும் படத்தில் சிரிக்கத்தான் செய்வார்கள், இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் அவள் பார்க்காததா? ஆனால் சின்னவன் சிரித்தது அவளை உறுத்தியது. அந்த முகத்துக்கு நடிக்கத் தெரியாது. படம் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் யாரோ தேனிலவுக்கு வந்து கேட்டபோது எரிந்து விழுந்தாள்.

அவர்கள் திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமியார் வீட்டில் கூடினார்கள். சின்னவள் இவளுக்கென்று அந்த ரொட்டிக்கடையின் துணிப்பை ஒன்று கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, அவளாகவே படிக்கட்டைப் பற்றி எடுத்தாள்.

"ஆறு மாடிக்கா. முதல் நாள் அழுதுட்டேன். மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொரு மாடியிலயும் படியில உக்காந்துடுவோம். வேற வேலை இல்லையா, இவரு பேச ஆரம்பிச்சாரு. சின்ன வயசுல வார்த்தை திக்குமாம், எல்லாரும் சிரிப்பாங்களாம், அதான் பேச்சையே குறைச்சுக்கிட்டாராம். ரெண்டு வருஷமா என்கிட்ட சொல்லல. அந்தப் படியில உக்காந்து சொன்னாரு. லிஃப்ட் இருந்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டாருக்கா."

பெரியவள் துணிப்பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அவள் விரித்த வலையில் இவர்கள் ஊஞ்சல் கட்டி ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குக் கயிறும் அவள் கொடுத்ததுதான். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. இதற்கு முன்பெல்லாம் அவள் பொறாமைப்பட்டது பூத்தொட்டிக்கும் பாராட்டுக்கும்தான். இப்போது அந்தப் படிக்கட்டின்மேல் பொறாமையாக இருந்தது. தன் புருஷன் கடைசியாகத் தன்னிடம் உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு நடந்து திரும்பும்போது கணவன் மெல்ல ஆரம்பித்தான். தம்பிக்குப் போட்ட அந்த அறைக்கு லிஃப்ட் இல்லை என்று உனக்கு முன்னாலேயே தெரியும்தானே என்றான். மறைத்துப் பிரயோஜனமில்லை. தெரியும் என்றாள். வேண்டுமென்றுதான் போட்டேன், அவள் என் ஊருக்குப் போகிறாள் என்று பொறுக்கவில்லை என்றும் சொல்லிவிட்டாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். நன்றாகத் திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

அவன் திட்டவில்லை. மூடிக் கிடந்த ஒரு கடையின் படியருகே நின்றுவிட்டான்.

"எனக்கு அப்படி ஒண்ணு போட்டிருக்கலாம்ல" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"அந்த ஜன்னல், அந்தப் படகு... என் சம்பளத்துல அது நடக்காது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. லீவு இல்லன்னு சொன்னேன். லீவெல்லாம் எப்பவும் இருந்துச்சு. நீ வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் ஏத்திக்கிட்டே போன. நானும் சொல்லாமலே இருந்துட்டேன்."

பெரியவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறான். கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தன் அலுவலக மேஜை ஞாபகத்துக்கு வந்தது. யார் யாருக்கோ, கையில் இருக்கிற பணத்துக்குள் உலகத்தைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறாள். மாணவர்களுக்கு, ஓய்வு பெற்றவர்களுக்கு, பிடிக்காத ஓரகத்திக்குக்கூட. உங்க கையில எவ்வளவு இருக்கு என்பதுதான் வந்து உட்காரும் எவரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி. அந்த ஒரு கேள்வியைத் தன் புருஷனிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் நல்ல பாதியை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தான், அவளும் மற்ற பாதியைக் கேட்காமலே இருந்தாள்.

அழுகை வந்தது. தெருவில் அழ வெட்கமாக இருந்ததால் துணிப்பையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதில் இன்னும் கொஞ்சம் ரொட்டி வாசனை இருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த ஊரைத் தேடினாள். பனிமூட்ட மாதம் இன்னும் முடியவில்லை. பெஞ்சில் தூங்கவைக்கும் விமானத்தில் இடம் இருந்தது. ரொட்டிக்கடைக்கு மேலே அந்த ஆறாவது மாடி அறையும் காலியாக இருந்தது. கையைப் பதிவு செய்யும் பொத்தான்வரை கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள். அதே படியில் ஏறவா? சின்னவள் உட்கார்ந்த படியில் உட்காரவா? கொஞ்ச நேரம் அதே தெருவில் அக்கம்பக்கத்து அறைகளைத் துழாவிவிட்டு, கணவனுக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தான்.

முதலில், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். போதும் என்றாள். பிறகு, தொழிலில் இதுவரை செய்யாததைச் செய்தாள். மற்ற பாதியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஜன்னல்ல நதி தெரியாது. எதிர் வீட்டுச் சுவர்தான் தெரியும். ராத்திரி பூரா ஏர்போர்ட்ல கிடக்கணும். ஊர் முழுக்கப் பனியா இருக்கும். லிஃப்ட் கிடையாது."

"எத்தனாவது மாடி?"

"ஏழு."

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தம்பிக்கு ஆறுதானே?"

"அதனாலதான்" என்றாள் பெரியவள்.

கணவன் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு லிஃப்ட் குழிக்குள் மாடி மாடியாக இறங்கிக் கீழே போய் முட்டித் திரும்பிவருவது போனில் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவன் சிரித்து முடிப்பதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.