அச்சு நகர்ந்த காசு

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போடுவது. காலர் ஒரு நூல் சாய்ந்தாலும் தெரிந்துவிடும், பொத்தான் துளை இம்மி விலகினாலும் தெரிந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப்பட்ட வேலை. அதுவும் நாள் முழுக்க நின்றுகொண்டே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், கால் இரண்டும் தன்னுடையவைதானா என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

அவள் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். சர்க்கரை கண்ணைத் தொட்டதும் டிப்போவில் அவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடைகளுக்கும் பைகளுக்கும் காவலாக ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றோடு மனிதருக்கு வாய் அடைத்துப்போயிற்று. "சாப்பிட்டீங்களா?" என்றால் தலை ஆடும். "மாத்திரை போட்டீங்களா?" என்றாலும் அதே ஆட்டம். சுவரோடு குடித்தனம் நடத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அவள் தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

டிப்போ கேஷியரின் மேஜைக்கடியில் ஒரு பிஸ்கட் டின் கிடந்தது. டிக்கெட் பெட்டியில் விழுந்த வெளிநாட்டுக் காசு, வங்கி வாங்க மறுத்த பழங்காசு எல்லாம் அதற்குள். "குப்பையில போடப்போறேன். வேணும்னா எடுத்துக்கங்க" என்றார் கேஷியர். கணவர் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். அப்படித்தான் தொடங்கியது. ஒரு பூதக்கண்ணாடி வாங்கினார், கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். நூலகத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை காசு சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் இரண்டு தடவை போய்வந்தார். போய்வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. துணி துவைத்தாள், தரை துடைத்தாள், பிறகு கைவலியோடு உட்கார்ந்தவள் அந்தக் காசுகளைப் பார்த்தாள். கறுத்து, பச்சை பூத்து, பார்க்கவே சகிக்கவில்லை. பாவம், மனிதர் இதையாவது ஆசையாக வைத்திருக்கிறார். எலுமிச்சம் சாறும் பல்பொடியும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்று காசு. முடிக்கும்போது கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது.

அவர் வந்தார், பார்த்தார், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏன், நல்லா இல்லையா?"

"காசைத் தேய்க்கவே கூடாது. மேல படிஞ்சிருக்கிற கறுப்புதான் அதோட வயசு. தேய்ச்சா மதிப்பு போயிடும். லைப்ரரிக்குப் போனதும் அவங்க முதல்ல சொன்னதே அதான்."

"உங்களுக்குச் சொன்னாங்க. எனக்கு யாரு சொன்னா? ஏழு மாசமா இந்த வீட்டுல நான்தான் பேசறேன், நான்தான் பதிலும் சொல்லிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவு நாள்ல விரல் தேய உட்கார்ந்திருப்பேனா?"

அவர் ஒரு பளபளப்பான காசை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். "விடு. நானே ஒரு செல்லாக் காசு. எனக்கு எதுக்கு நல்ல காசு?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசினார். காசை நடுவில் தொடாமல் விளிம்பில் பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்க்கும், எழுத்து தெரியாத நாட்டுக் காசை அதிலுள்ள படத்தை வைத்துத் தேட வேண்டும் என்றெல்லாம். அவள் பாதித் தூக்கத்தில் 'ம்' கொட்டினாள். பேசுகிறாரே, அதுவே போதும் என்றிருந்தது.

"அந்தக் கிண்ணத்துல என்ன?" மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் அது இருந்ததால் அவள் கையில் படாமல் தப்பியிருந்தது.

"அது கழிசல். தேறாது."

பழக்க தோஷம், அவள் கை கிண்ணத்துக்குள் போனது. ஐந்தாவது காசில் கண் நின்றது. "ஏங்க, இதுல படம் நகர்ந்திருக்கு. இந்தப் பக்கம் விளிம்பு பட்டையா இருக்கு, அந்தப் பக்கம் தலையே பாதி வெட்டுப்பட்டிருக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா? என் கண்ணுதான் கோணலாப் பார்க்குதுன்னு நினைச்சேன்."

அவள் காசை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். நூலகத்துப் பின்னறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் காசை லென்சுக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிக்கும்போதே அச்சு நகர்ந்திருக்கு. இதுமாதிரி வேணும்னு ஆளுங்க அலையறாங்க. இங்கேயே ரெண்டு பேர் கேப்பாங்க."

"குறை இருக்கிறதுக்கா?" என்றாள் அவள்.

"குறை இருக்கிறதுக்குத்தாம்மா."

சந்தோஷத்தைவிட அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் சிவப்பு ஸ்டிக்கர்! ஒரு நூல் சாய்ந்ததற்காகத் தையல்காரப் பெண்கள் வாங்கிய திட்டையெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் மற்ற காசுகளைப் பிரித்ததும் முகம் சுளித்தார். "அடடா, யாரு இப்படித் தேய்ச்சது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "நான்தாங்க. தெரியாமப் பண்ணிட்டேன்."

"பரவால்ல. இங்க இருக்கிற எல்லாருமே ஒரு தடவை தேய்ச்சவங்கதான்."

அவள் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தார்.

"குடுத்துடறீங்களா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். கணவர் அவள் பக்கம் திரும்பினார். "நீதானே கண்டுபிடிச்சே. சொல்லு."

"இருக்கட்டும்" என்றாள்.

கிளம்பும்போது மருந்துக்கடைக்காரர் ஒரு துணிப்பையை நீட்டினார். வகை பிரிக்காத காசு, இரண்டு கிலோவாவது இருக்கும். "அம்மா கண்ணுல எதாவது படுதான்னு பார்க்கட்டுமே. அவசரமில்ல."

பஸ் நிறுத்தம் வரைக்கும் பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பை கனத்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன்" என்றாள். "தூங்கணும்."

"சரி."

கொஞ்சதூரம் போனதும் அவர் கேட்டார், "அதுக்கு அடுத்தது?"

"அப்பப் பார்க்கலாம். இப்ப எதுவும் கேக்காதீங்க, கால் கெஞ்சுது."

அவர் கேட்கவில்லை. ஆனால் பஸ் வரும்வரை, அதை ஓட்டப்போகிறவரைப் பற்றியும் அவர் பிரேக் பிடிக்கிற அழகைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்.